ஹீட்டர் வாங்கும் முன் சுவரைப் பாருங்கள்

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து ஈசூனில் வாடகைக்கு இருக்கும் தம்பி ஒருவர் ஒருநாள் காலை ஆறரை மணிக்குப் போன் செய்தார். “அண்ணே, கீசர் சுவிட்சைப் போட்டா வீடே இருட்டாயிடுது. இங்கயும் கரண்ட் கட் உண்டா?” தலையில் ஷாம்பு நுரையோடு நின்றுகொண்டு பேசுகிறார் என்பது குரலிலேயே தெரிந்தது.

அவர் அடுத்துச் செய்த காரியம்தான் என்னை இதை எழுத வைத்தது. அன்றிரவே இணையத்தில் 25 லிட்டர் தொட்டி ஹீட்டர் ஒன்றை ஆர்டர் செய்துவிட்டார். ஊரில் அவர் வீட்டில் இருந்ததும் அதே அளவு, தள்ளுபடி வேறு. பெட்டி வந்தது. பொருத்த வந்த ஆள் குளியலறைக்குள் எட்டிப் பார்த்தார். “இங்க சுடுதண்ணி பைப்பே இல்லையே” என்று சொல்லி, வந்துபோன கூலி 40 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். பெட்டியை வாசலுக்கு வெளியே நகர்த்தவும் வழியில்லை, நடைபாதையை அடைத்தால் நகர மன்றத்திலிருந்து நோட்டீஸ் வரும். இரண்டு வாரம் அது ஹாலில் சோபாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

ஹீட்டரின் விலை மொத்தச் செலவில் ஒரு பங்குதான். மீதியை முடிவு செய்வது அதற்குப் பின்னால் இருக்கும் சுவர்: எந்த வயர் வருகிறது, எந்த பைப் போகிறது, எவ்வளவு இடம் இருக்கிறது. அதனால் கடைக்குப் போவதற்கு முன் வீட்டுக்குள் அரைமணி நேரம் செலவழியுங்கள். இன்னொன்று, கடையில் கீசர் என்று கேட்டால் விழிப்பார்கள். இங்கே எல்லாமே ஹீட்டர்தான்.

யார் வீட்டு ஹீட்டர்?

வாடகை வீடு என்றால் முதல் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படிப்பது. சிறு பழுதுகளுக்கு ஒரு வரம்புத் தொகை போட்டிருப்பார்கள், 150, 200, 300 வெள்ளி என்று வீட்டுக்கு வீடு மாறும். அதுவரை வாடகைக்காரர் செலவு, அதற்கு மேல் வீட்டுக்காரர் செலவு என்பதுதான் வழக்கம். ஹீட்டர் பழையதாகிச் செத்துப்போவது உங்கள் குற்றமில்லை, பொருளும் வீட்டுக்காரருடையது. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, “மாற்றலாமா, யார் ஆளை அழைப்பது, செலவு யாருடையது” என்று மூன்றையும் எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகு செய்யுங்கள். முதலில் காசைக் கொடுத்துவிட்டுப் பிறகு கேட்டால், வாடகை முன்பணத்தோடு சேர்ந்து அதுவும் இழுபடும்.

உண்மையிலேயே போய்விட்டதா?

குளியலறைக்கு வெளியே ஹீட்டருக்கென்று தனி சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டதும் அதிலுள்ள சின்ன விளக்கு எரிகிறதா பாருங்கள். எரியவில்லை என்றால் டிபி பாக்ஸுக்கு, அதாவது வீட்டு மின்சாரம் பிரிந்துபோகும் பெட்டிக்குப் போங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி) வீடுகளில் அது பெரும்பாலும் வாசல் கதவை ஒட்டிய பகுதியில் இருக்கும். உள்ளே வரிசையாகச் சின்னச் சின்ன சுவிட்சுகள், அவற்றோடு கொஞ்சம் அகலமாக, சோதனைப் பொத்தான் வைத்த ஆர்சிசிபி (RCCB) ஒன்று, மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் அது. சின்னது மட்டும் விழுந்திருந்தால் அந்த லைனில் மட்டும் கோளாறு. ஆர்சிசிபி விழுந்திருந்தால் எங்கோ மின்கசிவு. வீடே இருட்டாவது இதனால்தான்.

ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிட்டு ஆர்சிசிபியை ஒருமுறை தூக்கிவிடுங்கள். மறுபடி விழாமல் நின்றால், கசிவது ஹீட்டரில்தான் என்று கிட்டத்தட்ட உறுதி. பெரும்பாலும், தண்ணீரைச் சூடாக்கும் கம்பியின் உறை விரிசல் விட்டு மின்சாரம் தண்ணீருக்குப் போகிறது என்று அர்த்தம். “இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்” என்ற எண்ணமே வேண்டாம். அது விழுந்ததால்தான் குளித்துக்கொண்டிருந்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹீட்டர் மூடியைத் திறப்பதும் உங்கள் வேலை கிடையாது.

ஆர்சிசிபியே இல்லாத பழைய வீடுகளும் இருந்தன. புது வீடுகளில் 1985 ஜூலையிலிருந்து அது கட்டாயம். அதற்கு முன் கட்டியவற்றிலும் இருக்க வேண்டும் என்று 2023 ஜூலை 1இல் விதி வந்தது, 2025 ஜூலை 1 வரை அவகாசம் கொடுத்தார்கள். பழைய புளோக்கில் குடியேறினால் பெட்டியைத் திறந்து அது இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் ஹீட்டரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் அது.

விளக்கு எரிகிறது, தண்ணீரும் வருகிறது, ஆனால் சூடு இல்லையா? உடனடி ஹீட்டராக (தொட்டி இல்லாமல், தண்ணீர் ஓடும்போதே சூடாக்கும் வகை) இருந்தால் தண்ணீரின் வேகம் குறைந்திருக்கலாம். குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போனால் அது தானாகவே சூடாக்குவதை நிறுத்திக்கொள்ளும். உள்ளே வரும் குழாயின் வாயிலில் இருக்கும் சின்ன வலையில் துரு, மண் அடைத்திருக்கும். ஷவர் தலையின் துளைகளையும் பாருங்கள். சென்னை போர் தண்ணீர் மாதிரி இங்கே உப்பு அவ்வளவாகப் படிவதில்லை, அதனால் கம்பியில் சுண்ணாம்பு கட்டிவிட்டது என்று யாராவது சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

தொட்டி ஹீட்டராக இருந்தால் எங்கிருந்து சொட்டுகிறது என்பதுதான் கேள்வி. பக்கவாட்டில் சின்ன நெம்புகோல் வைத்த வால்வு ஒன்று இருக்கும். 25 லிட்டர் தண்ணீர் 28 டிகிரியிலிருந்து 60க்குச் சூடாகும்போது கால் லிட்டருக்கு மேல் பெருக்கும். அந்தக் கூடுதல் தண்ணீர் வால்வு வழியே சொட்டுவது அதன் வேலை, பழுதில்லை. அந்தச் சொட்டு எரிச்சலாக இருக்கிறது என்று வால்வை அடைத்துவைத்த வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். அழுத்தம் வெளியேற வழியில்லாத தொட்டி வெடிக்கக்கூடியது. ஆனால் தொட்டியின் அடியிலிருந்தோ பொருத்துவாயிலிருந்தோ துருநிறத்தில் ஒழுகினால் தொட்டி முடிந்தது, அதற்கு வைத்தியம் கிடையாது. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், கம்பி போன்றவை போனால் மாற்றலாம். ஆனால் எட்டு, பத்து வருடம் ஆன ஹீட்டருக்கு 100, 150 வெள்ளி போட்டுப் பழுது பார்ப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

உடனடியா, தொட்டியா?

இருப்பதையே மீண்டும் போடுவதுதான் மலிவு. அதையும் மீறி மாற்ற நினைப்பவர்கள் கொஞ்சம் கணக்குப் பாருங்கள்.

இங்கே குழாய்த் தண்ணீரே ஏறக்குறைய 28 டிகிரியில் வருகிறது. குளிக்க 40 டிகிரி தாராளம். அதாவது 12 டிகிரி ஏற்றினால் போதும். வீடுகளில் வழக்கமாக இருக்கும் 3.3 கிலோவாட் உடனடி ஹீட்டர் நிமிடத்துக்கு 4 லிட்டர் தண்ணீரைச் சரியாக அந்த 12 டிகிரிக்குத்தான் ஏற்றும். ஒரு சாதாரண கைஷவருக்கு அது போதும், எத்தனை பேர் வரிசையில் குளித்தாலும் தீராது. ஆனால் தட்டு மாதிரிப் பெரிய மழைஷவரை மாட்டி நிமிடத்துக்கு 8 லிட்டர் விட்டால் ஆறே டிகிரிதான் ஏறும், வெதுவெதுப்புக்கூட இருக்காது. பக்கெட்டில் பிடித்து மொண்டு குளிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: 20 லிட்டர் பக்கெட் நிறைய ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும்.

தொட்டி ஹீட்டரில் 25 லிட்டரை 60 டிகிரிக்குக் கொண்டுவந்து குளிர்ந்த தண்ணீரோடு கலந்தால், கணக்குப்படி 66 லிட்டர் வரை 40 டிகிரித் தண்ணீர் கிடைக்கும். மழைஷவரில் எட்டு நிமிடம். அப்புறம் அடுத்தவர் அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டு நாலு பேர் வரிசையில் நிற்கும் வீட்டில் இது சண்டையில் முடியும்.

உயர்மாடியில், அதுவும் கடைசி ஒன்றிரண்டு மாடிகளில் இருப்பவர்களுக்கு வேறொரு தொல்லை. மொட்டைமாடித் தொட்டி தலைக்கு மேலேயே இருப்பதால் தண்ணீர் விழும் வேகம் குறைவு. அவர்களுக்காகவே உள்ளே சின்ன பம்ப் வைத்த உடனடி ஹீட்டர்கள் விற்கின்றன. விலை 100 வெள்ளிக்கு மேல் கூடும், ஆனால் தேவைப்படும் வீட்டில் அதற்கு மாற்று இல்லை.

சமையலறைப் பின்கட்டில் எரிவாயு ஹீட்டர் இருக்கும் வீடுகளும் உண்டு. அந்தக் குழாயில் கை வைக்க எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற எரிவாயுப் பணியாளர்தான் வரவேண்டும். புகை வெளியே போகும் வழியை அவர் பார்த்துச் சொல்வார். இதில் சொந்தப் பரிசோதனை எதுவும் வேண்டாம்.

இப்போது சுவர்

செல்போனையும் ஒரு அடிக்கோலையும் எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போங்கள்.

பழைய ஹீட்டரின் பக்கத்திலோ அடியிலோ ஒட்டியிருக்கும் சீட்டைப் படம் எடுங்கள், கிலோவாட் அதில் இருக்கும். தண்ணீர் உள்ளே வரும் பக்கம் இடமா வலமா, மூடும் வால்வுக்கும் ஹீட்டருக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர், வயர் சுவரில் எந்த இடத்தில் எட்டிப் பார்க்கிறது ஆகியவற்றை அடிக்கோலை ஒட்டி வைத்தபடியே படம் பிடியுங்கள். ஒவ்வொரு பிராண்டுக்கும் ஆணித்துளையின் இடம் வேறு. பழைய துளைகள் புது ஹீட்டரின் உடம்புக்குள் மறையாவிட்டால், டைல்ஸில் நாலு ஓட்டை முழித்துக்கொண்டு நிற்கும்.

தொட்டி ஹீட்டரில் நிற்கும் வகையா படுக்கும் வகையா என்று பாருங்கள். ஒன்றை மற்றதுபோல் திருப்பி மாட்ட முடியாது. கொண்டோ எனப்படும் தனியார் அடுக்குமாடி வீடுகளில் இது பொய்க்கூரைக்கு மேலே ஒளிந்திருக்கும். அங்கே அளக்க வேண்டியது ஹீட்டரை மட்டும் இல்லை, அதை எடுக்கும் சதுரத் துவாரத்தையும்தான். பழசு உள்ளே போன பிறகு கூரை அடித்திருப்பார்கள். புதுசு இரண்டு சென்டிமீட்டர் பருமனாக இருந்தால் கூரையை வெட்டி ஒட்டிப் பெயின்ட் அடிக்க வேண்டும், அதற்கே 100, 200 வெள்ளி ஆகிவிடும். தண்ணீர் நிரம்பிய 25 லிட்டர் ஹீட்டர் 35 கிலோவைத் தாண்டும், பழைய தாங்கு கம்பிகள் துருப்பிடித்திருந்தால் அவற்றையும் மாற்றச் சொல்லுங்கள்.

பிறகு மின்சாரம். 3.3 கிலோவாட்டை 230 வோல்ட்டில் ஓட்டினால் 14 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 13 ஆம்பியர் பிளக்கில் சொருகும் விஷயமே இல்லை, டிபி பாக்ஸிலிருந்து தனி வயரும் 20 ஆம்பியர் சுவிட்சும் வேண்டும். பழைய வீவக வீடுகள் சிலவற்றில் மெயின் சுவிட்சே 30 ஆம்பியர்தான். ஹீட்டர், இரண்டு ஏர்கான், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் அது தாங்காது. மெயின் சுவிட்சின் மேலேயே எண் போட்டிருக்கும், பாருங்கள். 6, 9 கிலோவாட் உடனடி ஹீட்டர்களைக் கடைக்காரர் ஆசைகாட்டினால், “என் வீட்டு வயர் தாங்குமா” என்று மின்பணியாளரைக் கேட்காமல் தலையாட்டாதீர்கள்.

யாரை அழைப்பது?

தொட்டி ஹீட்டரைப் பொருத்துவது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற பிளம்பரின் வேலை. வயரிங்கில் கை வைப்பவருக்கு எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் வேண்டும். இரண்டு அமைப்பின் இணையத்தளத்திலும் பெயரைத் தேடிப் பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை. “நண்பரின் நண்பர், எல்லாம் செய்வார்” என்பவர் ஷெல்ஃப் மாட்டட்டும், ஹீட்டர் வேண்டாம்.

கொண்டோவில் நிர்வாக அலுவலகத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பிளம்பர் காவலர் அறையிலேயே நிற்பார். வீவக வீட்டில் சுவரை அதிகமாகத் துளைக்கும் வேலை இருந்தால் வாரநாளில் காலை 9லிருந்து மாலை 5க்குள் முடிய வேண்டும். தீபாவளிக்கு முதல் நாள் ஆள் தேடி அலைந்த அனுபவம் எனக்கே உண்டு. கிடைத்தவர் கேட்ட கூலி வழக்கத்தைப்போல் இரண்டு மடங்கு, கொடுத்தேன். கங்கா ஸ்நானத்துக்கு அடுப்பில் அண்டா வைக்கும் துணிச்சல் வீட்டில் யாருக்கும் இல்லை.

காசுக் கணக்கு

நான் கேட்டுப் பார்த்த அளவில், சாதாரண உடனடி ஹீட்டர் 130லிருந்து 250 வெள்ளி, பம்ப் வைத்தது 250லிருந்து 400. அதே இடத்தில் மாற்றிப் பொருத்தும் கூலி 60லிருந்து 120. தொட்டி ஹீட்டர் 15, 25, 30 லிட்டர் அளவுகளில் 250லிருந்து 450, கூலி 120லிருந்து 250. வால்வு, வளையும் குழாய்கள் போன்ற சில்லறை 40லிருந்து 80. சுவிட்ச் மாற்றினால் 30லிருந்து 60. டிபி பாக்ஸிலிருந்து புது வயர் இழுத்தால் 150லிருந்து 300 வரை போகும், தூரத்தைப் பொறுத்தது. இத்தனைக்கும் மேல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு, சொன்ன விலையில் அது அடக்கமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

“இலவசமாகப் பொருத்தித் தருவோம்” என்ற விளம்பரம் எங்கும் கண்ணில் படும். பெரும்பாலும் அதற்கு அர்த்தம், அதே வகை, அதே இடம், அதே பைப் என்பதுதான். வந்த பிறகு ஒவ்வொன்றாகக் கூட்டுவார்கள். அதனால் எடுத்துவைத்த படங்களை அனுப்பி, “பழசைக் கழற்ற, எடுத்துப்போக, புது வால்வு, புது குழாய், சுவிட்ச், வரி எல்லாம் சேர்த்து எவ்வளவு” என்று வாட்ஸ்அப்பில் பதில் வாங்குங்கள். படம் பார்த்து விலை சொல்லத் தயங்குபவரைவிட, படத்தைப் பார்த்து இரண்டு கேள்வி கேட்பவர் நல்ல ஆள்.

மாதச் செலவையும் சொல்லிவிடுகிறேன். 3.3 கிலோவாட் ஹீட்டர் பத்து நிமிடம் ஓடினால் 0.55 யூனிட். யூனிட் 30 காசு என்று வைத்தால் ஒரு குளியலுக்கு 16, 17 காசு. நாலு பேர் தினமும் ஒருமுறை குளித்தால் மாதம் 20 வெள்ளி. தொட்டி ஹீட்டரை நாள் முழுவதும் போட்டு வைத்தால் இதைத் தாண்டும். குளிப்பதற்கு அரைமணி நேரம் முன்னால் போட்டு, பிறகு அணைத்துவிடுங்கள்.

வீட்டில் பருவநிலைப் பற்றுச்சீட்டு (மின்சாரம், தண்ணீரை மிச்சப்படுத்தும் பொருள் வாங்க அரசாங்கம் தருவது) இருந்தால் ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். சாதாரண ஹீட்டருக்கு அது செல்லாது, வெப்பப் பம்ப் ஹீட்டருக்குத்தான் செல்லும். தண்ணீர் சிக்கனச் சீட்டில் மூன்று டிக் வாங்கிய ஷவருக்குச் செல்லும்.

கடையில் பிராண்டைவிட முதலில் பார்க்க வேண்டியது பெட்டியில் பாதுகாப்புச் சின்னம் (SAFETY Mark) இருக்கிறதா என்பதை. ஹீட்டர் இங்கே அந்தச் சின்னம் இல்லாமல் விற்கக் கூடாத பொருள். வெளிநாட்டு இணையக் கடைகளில் மலிவாகக் கிடைப்பவற்றில் பலதில் இருக்காது, ஊரிலிருந்து கப்பலில் கொண்டுவரும் யோசனையும் வேண்டாம். ஜாலான் புசார் பக்கம் குளியலறைச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன, ஒரு மாலை நடந்தால் விலை பிடிபட்டுவிடும். தொட்டிக்கு 5 வருட உத்தரவாதம் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், கம்பிக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் அதே 5 வருடமா என்று கேளுங்கள்.

பொருத்தும் நாள்

பக்கத்தில் நின்று பாருங்கள், தவறில்லை. டிபி பாக்ஸில் ஹீட்டர் லைனை இறக்கிவிட்டு வேலையை ஆரம்பிக்கிறாரா? பழைய வயரின் நுனி கருகியிருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாக உரிக்கிறாரா? பச்சையும் மஞ்சளும் கலந்த எர்த் வயரை இறுக்கிப் பூட்டுகிறாரா? இந்த மூன்றும் போதும்.

தொட்டி ஹீட்டரில் முக்கியமான ஒன்று, தொட்டி நிரம்பும் முன் மின்சாரம் போடக் கூடாது. சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து வையுங்கள். முதலில் புஸ் புஸ் என்று காற்று வரும், அப்புறம் விட்டு விட்டு, கடைசியில் ஒரே சீராகத் தண்ணீர் விழும். அதற்குப் பிறகுதான் சுவிட்ச். காலித் தொட்டியில் போட்டால் புதுக் கம்பி சில நிமிடங்களிலேயே கருகிவிடும். உத்தரவாதமும் கை கொடுக்காது.

உடனடி ஹீட்டரில் வேறொரு தவறை நம்மவர்கள் அடிக்கடி செய்கிறோம். ஹீட்டருக்குப் பிறகு, ஷவருக்குப் போகும் குழாயில் மூடும் வால்வோ, விசையால் நிற்கும் கைத்தெளிப்பானோ மாட்டுவது. சாதாரண உடனடி ஹீட்டரில் வெளிவாய் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும், மூடித் திறப்பதெல்லாம் ஹீட்டருக்கு முன்னால். கடைசியாக ஹீட்டரில் இருக்கும் சோதனைப் பொத்தானை ஒருமுறை அமுக்கி மின்சாரம் துண்டிக்கிறதா என்று அவரையே காட்டச் சொல்லுங்கள், பிறகு மாதம் ஒருமுறை நீங்களே செய்யலாம். ரசீதில் மாடல் எண்ணும் தேதியும் இருக்கட்டும்.

பழைய ஹீட்டரைப் பொருத்தியவரே 20, 30 வெள்ளிக்கு எடுத்துப்போவார். வீவக வீட்டில் நகர மன்றத்தின் பெரிய பொருள் அகற்றும் சேவையைக் கேட்கலாம். புளோக்குக்குக் கீழே காராங் கூனி (பழைய சாமான் வாங்குபவர்) ஹாரன் அடிக்கும் சத்தம் கேட்டால் கூப்பிட்டுப் பாருங்கள். உள்ளே செம்பு இருந்தால் அவர் கையால் தூக்கி எடை பார்த்துவிட்டு உங்களுக்கே இரண்டு வெள்ளி கொடுத்தாலும் கொடுப்பார்.

ஈசூன் தம்பியின் 25 லிட்டர் பெட்டி பிரிக்கப்படாமலேயே செங்காங்கில் ஒரு வீட்டுக்குப் போனது, 60 வெள்ளி நஷ்டத்தில். வீட்டுக்காரர் உடனடி ஹீட்டர் ஒன்றை வாங்கிக் கொடுத்தார், கூலியோடு 240 வெள்ளி. மாட்டிய மறுநாள் காலை அதே ஆறரை மணிக்குப் போன். “அண்ணே, முழுசாத் திருகி வச்சேன், சுடுது.” பாதியில் வையுங்கள் என்றேன்.